மலையேற்றமும் தானமும்
(மகாவீரர் ஜெயந்தி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலையும் சமணமும் பிரிக்கவொண்ணாதவை. தீர்த்தங்கரர் இருபத்து நால்வருள் இருபதின்மர் வீடுபேறு எய்திய இடம் சம்மேத சிகரம். நேமிநாத பகவான் முத்தியடைந்த இடம் ஊர்ஜயந்தகிரி. தமிழகத்திலோ, வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியரின் திருவடிகள் வணங்கப்பெறுகின்றன. ஆகவே, மலையேறுதல் இச்சமுதாயத்தார்க்குப் புதிய செய்தி அன்று. ஆயினும், அறநிதி திரட்டும்பொருட்டு மலையேறுதல் என்னும் வழக்கம் புதியது. அது தானமாகுமா, ஆகுமாயின் எப்பொழுது ஆகும் என்று ஆராய்வது இத்திருநாளுக்குப் பொருந்தும்.

அவ்வழக்கத்தின் முறை எளியது. இன்ன அறத்திற்காக இன்ன மலையில் ஏறப்போவதாக ஒருவர் உற்றார்க்கும் நண்பர்க்கும் அறிவிக்கிறார். அம்முயற்சியை மதித்து அவரவரும் இயன்ற தொகையை அந்த அறத்திற்கு வழங்குகின்றனர். இதற்கெனப் பலரும் நாடும் மலைகளுள் ஒன்று, தான்சானியா நாட்டிலுள்ள கிளிமஞ்சாரோ. ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலையாகிய அதன் உயரம் 5,895 மீட்டர். வழக்கமான வழிகளில் கயிறு பற்றி ஏறவேண்டுவதில்லை; நடந்தே உச்சியை அடையலாம். எனினும், உச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. தலைவலியும் குமட்டலும் உறக்கமின்மையும் ஏறுவோரை வருத்தும். உடல் பழகுமுன் விரைந்து ஏறினால் உயிருக்கே கேடு நேரக்கூடும்.

2009ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இசை, வானொலி, தொலைக்காட்சி ஆகிய துறைகளைச் சேர்ந்த ஒன்பது கலைஞர்கள் பிரித்தானியாவிலிருந்து சென்று, ‘காமிக் ரிலீஃப்’ என்னும் அறநிறுவனத்திற்காக அம்மலையில் ஏறினர். ஒன்பதின்மரும் உச்சியை அடைந்தனர். 30 இலட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட நிதி திரண்டது. மலேரியாக் காய்ச்சலினின்று ஆப்பிரிக்க மக்களைக் காக்கும் கொசுவலைகளுக்காகத் திரட்டப்பட்ட நிதி அது. அக்காய்ச்சலால் இறப்போருள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் சிறு குழந்தைகளே என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும். நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்தின் பயனும் அபய தானத்தின் பயனும் இதில் உண்டு.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. ஒருவர் மலையுச்சியில் நிற்பதனால் நோயுற்ற குழந்தைக்கு என்ன பயன்? பயணத்திற்கு ஆகும் செலவை நேரே அக்குழந்தைக்கு அளித்திருக்கலாகாதா?

இதற்கு விடைகாண, உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரத்தை நாடலாம். அதன் ஏழாம் அத்தியாயம் தானத்தின் இலக்கணத்தைக் கூறுகிறது. நன்மையின்பொருட்டுத் தன்னுடையதை விட்டுக்கொடுத்தலே தானம் என்பது அதன் கருத்து. அந்நன்மை கொடுப்போர், ஏற்போர் ஆகிய இருவர்க்கும் உரியது என்று பூஜ்யபாதர் உரை காண்கிறார். கொடுக்கும் முறை, கொடுபொருள், கொடுப்போர், ஏற்போர் ஆகிய நான்கின் சிறப்பால் தானத்தின் பயன் வேறுபடும் என்பதும் அங்கே சொல்லப்படுகிறது.

‘தன்னுடையது’ என்னும் சொல்லே இங்கு உரைகல். திரண்ட தொகை பிறர் பொருள். மலையேறுபவர் அதனைக் கொண்டுசேர்ப்பவரேயன்றிக் கொடுப்பவர் அல்லர். அவருக்கென உரிய கொடுபொருள் யாதெனின், அவருடைய உழைப்பும் அவருடைய நாள்களும் அவருடைய பயணச் செலவுமே. இம்மூன்றையும் அவர் தம்முடையவற்றிலிருந்து தந்தால் அவரும் தானம் செய்தவராவார். திரட்டிய நிதியிலிருந்தே பயணச் செலவை எடுத்துக்கொண்டாலோ, நோயாளிக்கென்று பிறர் ஈந்த பொருளில் சுற்றுலா சென்றுவந்தவராவார். குறைந்த அளவு இவ்வளவு திரட்டவேண்டும் என விதித்து, அதில் ஒரு பகுதியைப் பயணத்திற்கு ஒதுக்கும் ஏற்பாடுகளும் உண்டு. ஆதலால், பணம் கொடுக்குமுன் அதனைக் கேட்டறிதல் கொடுப்போர் கடமை. கேளாமுன்பே சொல்லுதல் ஏறுவோர் கடமை.

அடுத்து, சுமையைப் பற்றிய வினா. கிளிமஞ்சாரோவில் ஏறுவோர் பெரும்பாலும் தம் தோளில் ஒரு சிறு பையையே கொண்டுசெல்வர். கூடாரம், உணவுப்பொருள், சமையற்கலம் ஆகியவற்றைச் சுமப்போர் அந்நாட்டுச் சுமையாளர்கள். ஒருவர்மீது 20 கிலோவுக்கு மேற்பட்ட சுமையை ஏற்றலாகாது என்னும் வரம்பு அங்கு வலியுறுத்தப்படுகிறது. பாரத்தின் மிகுதியும் கூலியின் குறைவும் குளிருக்குப் போதாத உடையும் அவர்களை நெடுங்காலம் வருத்தியமையே இத்தகைய வரம்புக்குக் காரணம்.

இல்லறத்தார் மேற்கொள்ளும் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து மீறல்களை அதே ஏழாம் அத்தியாயம் எண்ணிச் சொல்கிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. உயிரைப் போக்குதல் மட்டுமன்று, தாங்கவொண்ணாச் சுமையை ஓருயிரின்மீது வைப்பதும் கொல்லாமைக்கு இழுக்கு. ஓர் ஏழையின் முதுகை வளைத்து, மற்றோர் ஏழையின் நோய் தீர்க்கப் பொருள் திரட்டினால், ஒரு கையால் இட்டதை மறு கையால் பறித்ததாகவே முடியும்.

சுமந்தோரை மறவாத ஒருவரின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தை டென்சிங் நோர்கேயுடன் அடைந்தவர், நியூசிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் ஹில்லாரி. தேனீ வளர்க்கும் தொழில் செய்துவந்தவர் அவர். உலகம் அளித்த புகழை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. மலையேறுவோரின் பாரத்தைத் தாங்கிய ஷெர்ப்பா மக்கள் தம் குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டினர். 1961ஆம் ஆண்டு கும்ஜுங் என்னும் ஊரில், ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில், முதற்பள்ளி எழுந்தது. 1966ஆம் ஆண்டு அதனை அடுத்த குண்டே என்னும் ஊரில் மருத்துவமனை அமைந்தது. நாடு நாடாகச் சென்று சொற்பொழிவாற்றி நிதி திரட்டி, இமாலய அறக்கட்டளையின் வாயிலாக அவர் இவற்றைச் செய்தார். வெளியார் வருகையால் விறகுக்கென அழிந்த காடுகளை மீட்க மரக்கன்றுகள் நடும் பணிக்கும் அவ்வறக்கட்டளை துணைநின்றது.

1975ஆம் ஆண்டு, பாப்லு என்னும் ஊரில் மருத்துவமனை கட்டும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தபோது, அவரிடம் வந்துசேரப் புறப்பட்ட மனைவியும் இளைய மகளும் காத்மாண்டு அருகே விமான விபத்தில் இறந்தனர். அத்துயரத்திற்குப் பின்னும் அப்பணியை அவர் கைவிடவில்லை. 2008ஆம் ஆண்டு மறையும்வரை அம்மக்களோடு கொண்ட தொடர்பு நீடித்தது. உச்சியில் அவர் நின்றது சில நிமிடங்களே; அடிவாரத்து மக்களுக்கு உழைத்ததோ நாற்பது ஆண்டுகளுக்கும் மேல். ஏற்போர் வேண்டியதை அறிந்து கொடுத்தலும், கொடுத்தபின் கைவிடாமையும் கொடுக்கும் முறையின் சிறப்பு என்பதற்கு இது சான்று.

இவ்வுரைகல்லைப் பிறர்மீது மட்டும் வைத்துப் பார்த்தல் முறையன்று. சம்மேத சிகர வந்தனை என்பது ஏற்றமும் சுற்றும் இறக்கமுமாக 27 கிலோமீட்டர் நடை. முதியோரும் நோயுற்றோரும் டோலியில் செல்கின்றனர், அது குற்றமன்று. ஆனால், வெறுங்காலோடு பாதை நோற்பதாகப் பெருமைகொள்ளும் குடும்பம், டோலி சுமப்போரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு உண்டியலில் ஆயிரம் ரூபாய் இடுமானால், அந்த ஆயிரத்தின் பயன் எவ்வளவு குறையும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நியாயமான கூலி, இடையிடையே ஓய்வு, பருக நீர், உண்ண உணவு ஆகியவை அம்மலையில் செய்யத்தக்க முதல் தானம்.

இளைஞர்கள் தானத்திற்காக மலையேற விரும்பினால் கிளிமஞ்சாரோவைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. பொன்னூர் மலையே போதும். ஏழை மாணவர் ஒருவரின் கல்லூரிக் கட்டணத்திற்காகவோ, பாழ்பட்ட ஜினாலயம் ஒன்றின் திருப்பணிக்காகவோ பொருள் வேண்டி ஏறலாம். பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவும் ஏறுவோருடையதாகட்டும். ஒரு நெகிழிப் பையும் மலைமேல் விடப்படாதிருக்கட்டும். காலடியில் எறும்பு இருத்தலை நோக்கி நடக்கட்டும். திரண்ட தொகையின் கணக்கு, வந்தது இவ்வளவு, சென்றது இவ்வளவு என்று சபையில் படிக்கப்படட்டும். மறு ஆண்டு அந்த மாணவரின் படிப்பு எந்நிலையில் உள்ளதென்று யாரேனும் ஒருவர் சென்று கேட்கட்டும்.

மிகுபொருள் விரும்பாமையைப் போதித்த பெருமான் பிறந்த நாள் இது. உயரத்தில் ஏறுவோர் ஒவ்வோர் அடிக்கும் தம் சுமையைக் குறைத்துக்கொள்ள விரும்புவர். அவ்வாறு குறைக்கும் சுமை பிறர் முதுகுக்கு மாறாமல், பிறர் பசிக்கும் பிணிக்கும் மருந்தாக மாறுமாயின், அந்த மலையேற்றம் தானமாகும்.

வாழ்க நல்லறம்! ஜெய் ஜினேந்திரா!