சாலைப் புகைக்கு ஒரு கணக்கு

சாலையோரக் காற்றில் எவ்வளவு புகை கலக்கும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். எத்தனை வண்டி ஓடுகிறது, ஒவ்வொன்றும் கிலோமீட்டருக்கு எவ்வளவு புகை விடுகிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்தால் சரி. டெல்லி ஆய்வுகளில் பயன்பட்ட 'கேலைன் 4' என்ற கணக்குமுறை, 1980களில் கலிபோர்னியா சாலைகளுக்காக உருவானது. அங்கே வண்டிகள் தடம் பிடித்து ஓடும். டெல்லியிலோ பஸ், ஆட்டோ, ஸ்கூட்டர், சைக்கிள் ரிக்‌ஷா எல்லாம் ஒரே நெரிசலில்! சிக்னலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும்போது வரும் புகை வேறு. சக்கரம் கிளப்பும் மண்தூசியோ புகைக்குழாய்க் கணக்கிலேயே வராது. எத்தனை வண்டி ஓடுகிறது என்பதற்கு வண்டிப் பதிவேட்டை நம்பலாமென்றால், எப்போதோ காயலான் கடைக்குப் போன வண்டியும் அதில் உயிரோடு இருக்கும்! அதனால்தான் டெல்லியில் ஆய்வாளர்கள் பெட்ரோல் பங்க்கில் நின்று, வண்டியின் வயதையும் ஓடிய தூரத்தையும் கேட்டுக் குறித்தார்கள்.