அதிர்ஷ்டத்துக்கு ஓர் எண்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணினியில் ஆடப்பெறும் பாத்திர விளையாட்டுகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், இது நமக்குரிய பேச்சன்று எனப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்தருளுங்கள். ஒருவனுக்கு நேர்வதில் அவன் முயற்சிக்கு எவ்வளவு பங்கு, அவன் கைக்கு எட்டாததற்கு எவ்வளவு பங்கு என்பது மிகப் பழைய வினா. ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தவர் வள்ளுவர். அந்த வினாவே இவ்விளையாட்டுகளில் புதுக்கோலம் பூண்டு நிற்கின்றது.

அதிர்ஷ்டம் என்பது வடசொல். திருஷ்டம் என்றால் காணப்பட்டது. அதிருஷ்டம் என்றால் காணப்படாதது. காணப்படாத ஒன்றுக்கு எண் கொடுத்து, எல்லோரும் காண எழுதி வைத்தால் என்ன ஆகும்? இதுவே இன்றைய ஆராய்ச்சி.

பாத்திர விளையாட்டில் ஆடுபவர் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரம் ஏற்கிறார். அப்பாத்திரத்தின் பலம் இவ்வளவு, அறிவு இவ்வளவு என எண்களால் குறிக்கப்படும். இவ்வகைக்கு மூலமாய் அமைந்தது, அமெரிக்கரான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ஆக்கி 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அது கணினி விளையாட்டன்று. தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு மேசையைச் சுற்றியிருந்து ஆடுவது. அதில் பாத்திரத்துக்கு ஆறு குணங்கள் உண்டு: பலம், அறிவு, ஞானம், கைத்திறம், உடலுறுதி, வசீகரம். அதிர்ஷ்டம் அவற்றுள் ஒன்றன்று. அது பகடையில் இருந்தது. மனிதனுக்கு வெளியே நின்றது. நல்லவனுக்கும் தீயவனுக்கும் பகடை ஒரே வகையாய் உருண்டது.

அடுத்த ஆண்டே, 1975இல், கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவர் 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார். அவர் அதிர்ஷ்டத்தையும் பாத்திரத்தின் குணங்களுள் ஒன்றாக்கினார். வெளியே நின்றது உள்ளே புகுந்தது. ஒருவன் உயரமாய்ப் பிறப்பதுபோல அதிர்ஷ்டசாலியாயும் பிறக்கலாம் என்றாயிற்று. கணினிக்கும் அக்கருத்து விரைவிலேயே வந்தது. 1981இல் வெளிவந்த 'விசார்ட்ரி'யில் பலம், அறிவு, பக்தி, உயிர்வலிமை, சுறுசுறுப்பு என்பவற்றோடு அதிர்ஷ்டமும் ஆறாவது குணமாக அமர்ந்தது.

இந்த எண் எவ்வாறு தொழிற்படுகிறது? 1997இல் வெளிவந்த 'ஃபால்அவுட்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஏழு குணங்கள், ஒவ்வொன்றும் 1 முதல் 10 வரை அமையலாம். ஏழாவது அதிர்ஷ்டம். பகைவன்மேல் விடும் அடி பேரடியாய் விழும் அடிப்படை வாய்ப்பு, அதிர்ஷ்ட எண் 1 ஆனால் நூற்றுக்கு ஒன்று. 10 ஆனால் நூற்றுக்குப் பத்து. கணினி ஒழுங்கின்றித் தோன்றும் எண் ஒன்றைக் கணக்கிட்டு எடுக்கிறது. அது எல்லைக்கோட்டுக்குள் விழுகிறதா எனப் பார்க்கிறது. அதிர்ஷ்டம் செய்வதெல்லாம் அந்தக் கோட்டைச் சிறிது நகர்த்துவதே.

இக்குணத்தை ஆக்கியோர் பலவாறு கண்டனர். அவற்றுள் மூன்றைச் சொல்வேன்.

முதலாவது, செலவாகும் முதல். இங்கிலாந்தில் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதி 1982இல் வெளிவந்த 'ஃபயர்டாப் மலையின் மந்திரவாதி' என்னும் விளையாட்டு நூலில், வாசகர் இரு பகடை உருட்டுகிறார். கூட்டுத்தொகை தம் அதிர்ஷ்ட எண்ணுக்கு மேற்படாவிட்டால் தப்பினார். ஆனால் தப்பினாலும் தப்பாவிட்டாலும், ஒவ்வொரு சோதனைக்கும் அவ்வெண்ணில் ஒன்று குறையும். அடிக்கடி அதிர்ஷ்டத்தை நம்புபவனுக்கு அது தேய்ந்துவிடுகிறது.

இரண்டாவது, கேடயம். 1990இல் யப்பானில் தொடங்கிய 'ஃபயர் எம்பிளம்' வரிசையின் பல பகுதிகளில், ஒருவனுடைய அதிர்ஷ்டம் பகைவனின் பேரடி தன்மேல் விழும் வாய்ப்பைக் குறைக்கிறது. நேராத துன்பத்தை யார் எண்ணிப் பார்க்கிறார்? ஆகையால் அதன் நன்மை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மூன்றாவது, விளைச்சல். 2016இல் வந்த 'டார்க் சோல்ஸ்' மூன்றாம் பாகத்தில் அதிர்ஷ்டம் மிக்கவனுக்கு அரும்பொருள்கள் கூடுதலாய் அகப்படும். 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' விளையாட்டில் சூதாட்ட மண்டபங்களே உண்டு, அதிர்ஷ்டம் உயர்ந்தவன் அங்கே எளிதில் வெல்கிறான். ஆனால் குறித்த தொகைக்கு மேல் வென்றவனை மண்டபத்தார் ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுகின்றனர்! கற்பனை மண்டபமே ஆயினும் சூதின் இயல்பை அது சரியாகவே காட்டுகிறது.

அன்பர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. 'ஃபால்அவுட்'டில் ஒவ்வொரு குணமும் 5 இல் தொடங்கும். பகிர்ந்து இடுவதற்கு 5 புள்ளிகள் தரப்படும். அதிர்ஷ்டத்தில் இட்ட புள்ளியைப் பலத்தில் இட முடியாது. விலை கொடுத்துப் பெறுவது அதிர்ஷ்டமாகுமா? ஆகாது என்பதே என் கருத்து. அது மற்றைய திறமைகளைப்போல ஒரு திறமையாகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. நூற்றுக்குப் பத்து என்ற வாய்ப்பு, அடியே விடாதவனுக்கு ஒரு பயனும் தராது. நூறு முறை முயல்பவனுக்கே ஏறக்குறையப் பத்துப் பேரடி. முயற்சி பூச்சியமானால் அதிர்ஷ்டம் எவ்வளவாயினும் பெருக்குத்தொகை பூச்சியமே.

ஆனால் மனித மனம் இந்தக் கணக்கை எளிதில் ஏற்பதில்லை. புகழ்பெற்ற விளையாட்டு ஆக்குநரான சிட் மையர் 2010இல் ஆற்றிய உரையொன்றில் இதை விளக்கினார். மூன்றுக்கு ஒன்று எனத் தமக்குச் சாதகமாய் வாய்ப்பு இருக்கையில், நான்கில் ஒருமுறை தோற்பதை ஆடுவோர் அநீதி என்கின்றனர். பாதகமாய் இருக்கையில் நான்கில் ஒருமுறை தாம் வெல்வதை நியாயம் என்கின்றனர்! 'ஃபயர் எம்பிளம்' ஆக்கியோர் இம்மனப்போக்குக்கு இசைந்தார்கள். 2002இல் வந்த பகுதி முதல், ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டெடுத்துச் சராசரி பார்க்கும் முறையைப் புகுத்தினர். அம்முறையில், திரையில் நூற்றுக்குத் தொண்ணூறு எனக் காட்டும் அடி உண்மையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறை படுகிறது. நம் மனம் விரும்பியபடி எண் வளைக்கப்பட்டது. நாமோ அதை அறியோம்.

இந்த அறியாமை வெறும் ஆட்டத்தில் தீங்கற்றது. காசு புகும்போது அவ்வாறன்று. இந்நாளில் பல விளையாட்டுகளில் அரிய பாத்திரத்தையோ ஆயுதத்தையோ பெறுவதற்கு உண்மைப் பணம் கொடுத்துச் சீட்டிழுப்பதுபோல் இழுக்க வேண்டும். யப்பானியர் இதைக் 'கச்சா' என்பர். காசு போட்டுப் பிடியைத் திருகினால் பொம்மை விழும் பெட்டியின் பெயரிலிருந்து வந்தது அச்சொல். இங்கே அதிர்ஷ்டம் பாத்திரத்தின் குணமன்று, கடைச்சரக்கு.

ஒரு கணக்குச் சொல்கிறேன். இளைஞர்கள் வீடு சென்று செய்து பாருங்கள். ஒரு பொருள் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. நூறு முறை இழுத்தால் கட்டாயம் கிடைக்கும் என்றே பலரும் நினைப்பர். அது தவறு. 0.99 என்ற எண்ணை நூறு முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.366 வரும். அதாவது, நூறு முறை பணம் கட்டிய நூறு பேரில் முப்பத்தாறு முப்பத்தேழு பேர் வெறுங்கையோடு நிற்பர். 'இவ்வளவு செலவழித்தாயிற்று, அடுத்த முறை நிச்சயம்' என்று அவர்கள் எண்ணுவர். நடந்து முடிந்த இழுப்புகளை அடுத்த இழுப்பு அறியாது.

அரசுகளும் இதை உணர்ந்தன. இவ்வகைச் சீட்டுகளால் ஒரு தொகுதி முழுவதையும் சேர்த்தால் பரிசு என்னும் முறையை யப்பான் 2012இல் சட்டத்துக்கு மாறானது என்றது. வாய்ப்பின் அளவை வெளியிட வேண்டுமென 2017இல் சீனா விதித்தது. சில விளையாட்டுகளின் பரிசுப்பெட்டிகள் சூதாட்டமே எனப் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் தீர்மானித்தது.

ஆதலால் இளைஞர்களே, விளையாடுங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணம் கேட்குமிடத்தில் நின்று மூன்று கேள்வி கேளுங்கள்: வாய்ப்பு எத்தனையில் ஒன்று? அது வெளிப்படையாய் எழுதப்பட்டிருக்கிறதா? கிடைக்காமலே போனால் இழப்பது எவ்வளவு? விடை கிடைக்காவிட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

பெரியோர்களே, பிள்ளை திரைமுன் இருக்கக் கண்டால் உடனே அதட்டி எழுப்பாதீர்கள். ஒருநாள் அருகிலிருந்து, 'தம்பி, இந்த அதிர்ஷ்டம் என்ற எண் என்ன செய்கிறது?' என்று கேளுங்கள். ஆர்வத்தோடு விளக்குவான். நிகழ்தகவு என்னும் கணிதப் பாடம் அவ்விளக்கத்துள் பாதி இருக்கும். மற்றப் பாதியை, சூதில் பொருள் தொலைத்த குடும்பங்களைக் கண்டறிந்த நீங்கள் அவனுக்குச் சொல்லலாம். இருவர் அறிவும் ஒன்றுகூடினால் நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கடையில் ஏமாறமாட்டார்கள்.