மனமருட்சியும் நம்பிக்கையும்



பித்தர் பேச்சை எவரும் செவிமடுப்பதில்லை. அறிவியல் செவிமடுத்தது. நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில், 1923-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு மருத்துவர் ஜோசப் காப்கிரா ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார். தம் குடும்பத்தாரை அகற்றிவிட்டு, அவர்களைப் போன்ற உருவினரை யாரோ கொணர்ந்து வைத்துள்ளனர் என்பது அவ்வம்மையாரின் அசையா நம்பிக்கை. எச்சான்று காட்டினும் மாறாத இத்தகைய எண்ணத்தையே மருட்சி என்கிறோம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற தமிழர் வி. எஸ். இராமச்சந்திரன், சாலை விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர் ஒருவரிடம் இதே மருட்சியைக் கண்டு, 1997-இல் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து ஆய்வுரை வெளியிட்டார். அவ்விளைஞர் பெற்றோரை நேரில் கண்டால் போலிகள் என்பார். தொலைபேசியில் பேசினாலோ பெற்றோர் என்றே ஏற்பார்! முகத்தை அறியும் ஆற்றல் அவரிடம் குன்றவில்லை. அம்முகத்தைக் கண்டதும் எழவேண்டிய நெகிழ்ச்சிதான் எழவில்லை. தோலின் வியர்வை மாற்றத்தை அளந்து இதனை அறிந்தனர். முகமோ தாயின் முகம், நெஞ்சோ அசையவில்லை. இம்முரணுக்கு மனம் தேடிக்கொண்ட விளக்கமே ‘போலி’ என்பது. உணர்ச்சி முன்னே சென்றது. காரணம் பின்னே வந்தது. எனினும், நெகிழ்ச்சி இழந்தோர் அனைவரும் மருட்சி கொள்வதில்லை. தோன்றிய விளக்கத்தை ஐயுற்று ஆராயும் திறனும் கெட்டிருக்க வேண்டும் என்பர் அறிஞர் சிலர்.

தீண்டாமையை இவ்வொளியில் நோக்குவோம். பிறந்த குழந்தை தீட்டறியாது. தனிக் குவளையைக் காட்டியும் கையை விலக்கியும் அருவருப்பை முதலில் ஊட்டுகின்றனர். சாத்திரம் பிறகே வருகிறது. ஆதலின் சாத்திரத்தை மறுத்துப் பேசும் கற்றவரிடத்தும் அருவருப்பு எஞ்சி நிற்பதைக் காண்கிறோம். சாதி ஒரு மனநிலை என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இலேயே எழுதினார்.

ஒருவருடைய சமூகத்தார் பொதுவாக ஏற்ற நம்பிக்கையை மருத்துவ நூல்கள் மருட்சியில் சேர்ப்பதில்லை. ஒருவர் நம்பினால் நோய். ஊரே நம்பினால் வழக்கம் போலும்! அதற்காகச் சாதி வெறியரைப் பித்தர் என்றுரைக்க நாம் உடன்படோம். அது நோயுற்றவருக்கு இழுக்கு. வெறியருக்கோ தப்பும் வழி.

ஊர் நம்பிக்கை நம் சேரியையும் விட்டதில்லை. மனநோயைப் பேய் என்று கொண்டு, மந்திரிப்பவரிடம் முதலிற் செல்வோர் நம்முள்ளும் உளர். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். தர்காவில் தங்கினால் நோய் தீரும் என்று நம்பிப் பல சமயத்தாரும் தம் உறவினரை அவ்வூருக்குக் கொண்டுவந்தனர்.

நம் தெருவில் ஒருவர் பெற்ற தாயையே தாயல்லள் என்பாராயின், அவரோடு வாதிடுவதால் பயனில்லை. கட்டி வைப்பது கொடுமை. அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். துணைக்கு ஆள் இல்லையெனில், கழகத்து இளைஞர்களிடம் சொல்லுங்கள், உடன் வருவோம்.