கம்பி வருமுன் கருத்தைச் சொல்வோம்

தோட்டப்புறத் தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே!

நாங்கள் பொங்கோலிலிருந்து பேசுகிறோம். சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள இந்த ஊரிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. பிறகு கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் வந்தன. இன்று எங்கு நோக்கினும் அடுக்குமாடி வீடுகள். இந்த வீடுகளுக்கு மின்சாரம் வரும் வழி கண்ணுக்குத் தெரியாது. அது மண்ணுக்கடியில் வருகிறது. நகரின் கீழே சுமார் 60 மீட்டர் ஆழத்தில், மின்கேபிள்களுக்கென்றே 35 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதைகள் அமைத்திருக்கிறார்கள்.

"எங்கள் தோட்டத்திலும் அப்படிச் செய்யலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கேபிளைப் புதைக்கச் செலவு பல மடங்கு. பழுதானால் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய நாளாகும். ஆகவே நெடுந்தூரம் போகும் மின்சாரம் பெரும்பாலும் கோபுரங்களின் மேல்தான் போகிறது. நமக்கும் விளக்கு எரிய வேண்டும்; ஆலைகளும் ஓட வேண்டும். எனவே கோபுரமே கூடாது என்பதல்ல நம் பேச்சு. அது எந்த வழியாகப் போகவேண்டும், யாரைக் கேட்டு அதை முடிவு செய்யவேண்டும் என்பதே பேச்சு.

தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். சத்தீஸ்கர் மாநிலத்து ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் மின்தடம் ஒன்று திட்டமிடப்பட்டது. புகளூரிலிருந்து கேரளத்துத் திருச்சூருக்கு இன்னொரு தடம். தங்களைக் கேளாமலே விளைநிலத்தில் வழி வகுத்துவிட்டார்கள் என்று கொங்கு நாட்டு விவசாயிகள் குறைப்பட்டார்கள். சாலையோரமாகக் கேபிளைப் புதைக்கும்படி கேட்டு, 2018 டிசம்பரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆயினும் அவர்கள் நிலத்தில் கோபுரங்கள் எழுந்தன. அதே திருச்சூர்த் தடத்தில், கேரளத்தின் நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் மட்டும் சுமார் 27 கிலோமீட்டர் தூரம் கேபிளாகப் புதைக்கப்பட்டது. 2021இல் அந்தத் தடம் திறக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? வழி என்பது விதியன்று, மனிதர் வரைவது. வரைபடத்தில் அழித்து எழுதுவது எளிது. கோபுரம் நின்றபின் மாற்றுவது அரிது. ஒரு கோபுரத்தை நகர்த்தினால் அக்கம்பக்கத்துக் கோபுரங்களையும் மாற்ற நேரலாம். தடம் வளையும் இடத்திற்கு அதிக வலுவுள்ள கோபுரமும் வேண்டும்.

அடுத்தது இழப்பீடு. இந்தியாவில் 2015இல் மத்திய அரசு வகுத்த நெறிப்படி, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடு. கம்பியின் கீழுள்ள இடத்துக்கு 15 விழுக்காடு வரை. 2024இல் இவை 200 விழுக்காடாகவும் 30 விழுக்காடாகவும் உயர்ந்தன. நல்லதுதான். ஆனால் இது நிலத்துக்கு உரியவரை நோக்கிய கணக்கு. தோட்டத்து நிலமோ கம்பெனிக்குச் சொந்தம். மரங்களை வெட்டினால் உங்கள் நிரை குறையும்; அந்தக் குறை எந்தக் கணக்கில் ஏறும்? லயத்தின் பின்னால் நீங்கள் போட்ட காய்கறித் தோட்டத்துக்குப் பட்டா ஏது? நிலம் இல்லாதவர் வாய் திறக்காவிட்டால், அவர் இழப்பு எவர் கண்ணிலும் படாது.

ஆகவே, அளவெடுப்பவர்கள் தோட்டத்திற்கு வந்த அன்றே நாலு பேர் கூடுங்கள். நிர்வாகத்திடமும் மின்வாரியத்திடமும் வரைபடத்தைக் கேளுங்கள். பெண்களையும் சேர்த்துக்கொண்டு அந்த வழியே நடந்து பாருங்கள். தண்ணீர் எடுக்கும் இடமும் பிள்ளைகள் போகும் பாதையும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். கோயில், பள்ளிக்கூடம், ஆயாக்கொட்டகை, கிணறு, இடுகாடு ஆகியவற்றைப் படத்தில் குறியுங்கள். "இந்த வழி வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல், "இந்த வழி ஆகுமா?" என்றும் கேளுங்கள். கேட்டதை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொழிற்சங்கத்திற்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

வழி வரைகிறவருக்கு மலையின் உயரம் தெரியும். ஆற்றின் அகலம் தெரியும். உங்கள் பிள்ளை எந்த மரத்தடியில் விளையாடுகிறான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களே. சொல்ல வேண்டிய நேரம், முதல் முளைக்குச்சி ஊன்றுவதற்கு முன்.