அறுப்பில் வண்டி நின்றால்

தை, மாசியில் காவிரி டெல்டாவில் சம்பா அறுப்பு மும்முரம். சொந்தமாக அறுவடை வண்டி வைத்திருக்கும் வீட்டில் அப்பா ஓட்டுவார், மகன் கூடவே நிற்பார். நடுவயலில் வண்டி நின்றுவிடும். முற்றிய கதிர் காத்திருக்காது, மணி உதிரும். மழை பிடித்தால் சாய்ந்த பயிரிலேயே நெல் முளைக்கும். நனைந்த நெல்லை விற்பதும் சிரமம்: அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் வழக்கமான வரம்பு.

பெரும்பாலும் கோளாறு சின்னதுதான். பெல்ட் அறுந்திருக்கும், பேரிங் சூடேறியிருக்கும். இல்லையென்றால், பனி உலருமுன் வண்டியை வயலில் இறக்கியதால் ஈர வைக்கோல் கதிரடிக்கும் உருளையில் சுற்றி இறுகியிருக்கும். அதை எடுக்க, எஞ்சின் ஓடும்போதே கையை உள்ளே விடுகிறார்களே, அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது! எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, உருளை முழுக்க நின்ற பிறகே தொடவேண்டும். எத்தனை ஏக்கர் பாக்கி இருந்தாலும் சரி.

மாற்று பெல்ட், கத்தி, பேரிங் எல்லாம் மார்கழியிலேயே வாங்கி வையுங்கள். தினமும் வேலை தொடங்குமுன் கிரீஸ் அடித்து, ஏர் ஃபில்டரில் தூசு தட்டுங்கள். வண்டி அன்றைக்குத் தேறாது என்றால் மெக்கானிக்குக்காகப் பொழுதைப் போக்கவேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையும் அறுவடை இயந்திரம் வாடகைக்குத் தருகிறது. உங்கள் பகுதியிலுள்ள அத்துறை அலுவலகத்தின் எண்ணை இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.