ஜனத்தொகை ஏறியதும் இறங்கியதும்

(விவசாயத் தொழிலாளர் ஊழியர் வகுப்பில் ஆற்றிய உரை)



போன வகுப்பு முடிந்து டீக்கடையில் நின்றபோது ஒரு தோழர் கேட்டார்: "அண்ணே, கூலி உயர்வு கேட்கிறோம், நிலம் கேட்கிறோம், எல்லாம் சரி. ஜனங்கள் இப்படிப் பெருகிக்கொண்டே போனால் எந்தச் சர்க்கார் வந்துதான் என்ன செய்யும்?" அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியில்லை. ஆகவே இன்று அதையே எடுத்துக்கொள்கிறேன்.

மனிதன் பயிரிடத் தொடங்கி பத்தாயிரம் வருஷங்களுக்கு மேல் ஆகிறது. ஆனால் உலக ஜனத்தொகை நூறு கோடியைத் தொட்டது 1800-ஐ ஒட்டித்தான். 1920-களின் கடைசியில் இருநூறு கோடி. 2022 நவம்பரில் எண்ணூறு கோடி. ஜனங்கள் திடீரென்று அதிகமாகப் பிள்ளை பெற்றார்களா? இல்லை. பிறந்த பிள்ளைகள் சாகாமல் வளர்ந்தன. அம்மை குத்தியதும், நல்ல தண்ணீரும், கூடுதல் விளைச்சலும் செய்த வேலை அது.

இந்த ஏற்றத்தின் தொடக்கத்தில், 1798-இல், மால்தஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு புத்தகம் எழுதினார். ஜனங்கள் பெருக்கல் கணக்கில் பெருகுவார்கள், உணவு கூட்டல் கணக்கில்தான் கூடும். மிஞ்சியவர்களைப் பஞ்சமும் நோயும் குறைத்துவிடும். ஏழைக்கு நிவாரணம் கொடுத்தால் அவன் இன்னும் பெருகுவான் என்றார். ஆளுகிறவர்களுக்கு எவ்வளவு வசதியான சித்தாந்தம் பாருங்கள்!

இந்தக் கணக்கை அயர்லாந்தில் வைத்துப் பார்ப்போம். 1841-இல் அங்கே சுமார் 82 லட்சம் பேர். 1851-இல் சுமார் 65 லட்சம். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதே அளவு பேர் கப்பலேறினார்கள். 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது என்பது உண்மை. ஆனால் ஒரு தேசத்தின் ஏழைகள் கிழங்கை மட்டும் நம்பி இருந்தது ஏன்? நிலம் பிரபுக்களுடையது, பலர் இங்கிலாந்தில் இருந்துகொண்டே குத்தகை வாங்கினார்கள். விளைந்த தானியமும் வளர்த்த மாடும் குத்தகைக்குப் போயின. மிஞ்சிய துண்டு நிலத்தில் குடும்பத்தின் வயிறு நிரம்பக் கிழங்கு ஒன்றுதான் வழி. நோய் கிழங்கைத் தாக்கியது, ஓட்ஸைத் தாக்கவில்லை. பஞ்சத்திலும் தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. 1847-இல் வெளியிலிருந்து மக்காச்சோளம் நிறைய வந்தது. வாங்கத்தான் காசில்லை.

அதே 1847-இல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது. கால் ஏக்கருக்கு மேல், நம் கணக்கில் 25 சென்ட்டுக்கு மேல், நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விட வேண்டும். விட்டவன் குடிசையைப் பல இடங்களில் பிரபுவின் ஆட்கள் இடித்தார்கள்.

சரி, ஆள் குறைந்ததே, மிஞ்சியவர்கள் சுகப்பட்டார்களா? பஞ்சம் போன பிறகும் ஜனத்தொகை இறங்கிக்கொண்டே போனது. 1911-இல் சுமார் 44 லட்சம். வயல்கள் மேய்ச்சல் நிலமாயின. ஆட்கள் குறைந்தபோதும் வேலையில்லாதவர் கூட்டம் குறையவில்லை, பிரபுக்களின் வருமானந்தான் ஏறியது என்று 1867-இல் 'மூலதன'த்தில் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். இன்றைக்கும் அயர்லாந்தின் இரு பகுதிகளையும் சேர்த்தால் சுமார் 70 லட்சம்தான். 1841-இன் கணக்கை அந்தத் தீவு இன்னும் எட்டவில்லை.

ஆள் குறைந்தால் கூலி தானாக ஏறும் என்பாரும் உண்டு. 1348-இல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் புகுந்து, ஐரோப்பாவைப் போலவே அங்கும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொண்டுபோனது. 1351-இல் ராஜாங்கம் என்ன செய்தது? நோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் கேட்கக் கூடாதென்று சட்டம் போட்டது! சட்டத்தை மீறிக் கேட்டவர்கள்தான் கூட வாங்கினார்கள். 1381-இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

இது நம் ஊருக்கும் வந்த கதை. மால்தஸ் 1805 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் ஆசிரியர். இந்தியாவுக்கு வரும் அதிகாரிகள் அவரிடம் பாடம் படித்தார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை ராஜதானிக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா என்று வெட்டினார். அரைக் கிலோ கூட இல்லை! சுகாதார கமிஷனர் கார்னிஷ் சண்டை போட்ட பிறகே 1877-இல் அளவு கூடியது. சேலம் ஜில்லாவில் 1871-க்கும் 1881-க்கும் இடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஜனங்கள் குறைந்தார்கள்.

ஒரு இளம் தோழர் கை தூக்குகிறார். "சீனா?" கேட்க வேண்டிய கேள்விதான். 1959-61-இல் நிலப்பிரபு இல்லாத சீனத்திலும் ஜனங்கள் பட்டினியில் கோடிக்கணக்கில் செத்தார்கள். விளைச்சலைக் கூட்டிச் சொல்லி மேலே கணக்கு அனுப்பினார்கள். அந்தப் பொய்க் கணக்குப்படி கிராமத்திலிருந்து தானியம் எடுக்கப்பட்டது. கொடி நம்முடையது என்பதற்காக இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அங்கேயும் தானியம் யார் கையில் இருந்தது என்றே கேட்க வேண்டும்.

டீக்கடைத் தோழருக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு பிள்ளைக்கும் குறைவு என்று 2019-21 சர்வே சொல்கிறது. பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள், ஊருக்கு நர்ஸம்மா வந்தார், பிறந்த பிள்ளை தங்கியது; குறைந்துவிட்டது. அந்தத் தோழரின் தாத்தாவுக்கு எட்டுப் பிள்ளைகள், அவருக்கு இரண்டு. விசாரித்தேன். குடியிருக்கும் மனை அதே மூன்று சென்ட், பட்டா இன்னும் வரவில்லை.