கோமகன் எனப்பட்ட இசைக்கலைஞர்

1935ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அமெரிக்க நடனக் கூடங்களில் கோலோச்சிய இசை 'சுவிங்' என்பதாகும். பதினைந்து பேர் வரை கூடி இசைத்த ஜாஸ் இசையின் துள்ளும் தாளத்திற்கு இளைஞர் உலகமே ஆடியது. அக்காலத்துக் குழுத் தலைவர்களுள் காலத்தை வென்று நிற்பவர் டியூக் எலிங்டன்.

1899ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், வாஷிங்டன் நகரின் கறுப்பினக் குடும்பமொன்றில் எட்வேட் கென்னடி எலிங்டன் பிறந்தார். தந்தையார் ஒரு வைத்தியர் இல்லத்திற் பணிபுரிந்தவர்; வெள்ளை மாளிகை விருந்துகளிலும் இடையிடையே பணியாற்றியவர். நடையிலும் உடையிலும் மிடுக்கு விளங்கியமையால், மைந்தனுக்குத் தோழர்கள் 'டியூக்', அதாவது கோமகன், எனப் பட்டஞ் சூட்டினர்.

1923இல் நியூ யோர்க் சென்ற எலிங்டனுக்கு, 1927இன் இறுதியில் ஹார்லம் பகுதியிலிருந்த 'கொட்டன் கிளப்' என்னும் இரவு விடுதியில் இடம் கிடைத்தது. அங்கே மேடையில் நின்றோர் கறுப்பினத்தவர். வந்திருந்து கேட்கும் உரிமையோ வெள்ளையருக்கே. ஆயினும் அம்மண்டபத்தின் சுவர்களை வானொலி கடந்தது. அங்கிருந்து ஒலிபரப்பான இசை நாடெங்கும் வீடுகளை எட்டியது. எலிங்டனின் புகழும் உடன் பரவியது.

அவ்விசையின் தனிச்சிறப்பு யாது? பிறர் டிரம்பெட்டுக்கென்றும் சாக்ஸபோனுக்கென்றும் இசை எழுதினர். எலிங்டனோ அவற்றை வாசிக்கும் மனிதருக்கென எழுதினார். பபர் மைலி என்பார், டிரம்பெட்டின் வாயை இறப்பர் மூடியால் மறைத்தும் திறந்தும் உறுமலொலி எழுப்புவார். ஜொனி ஹொட்ஜஸின் சாக்ஸபோன், சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும். கூட்டி வில்லியம்ஸ் என்பாரின் பெயரிலேயே 1940இல் ஓர் இசைக்கோவை பிறந்தது. பியானோ வாசித்த எலிங்டனுக்கு உண்மையான வாத்தியம் அக்குழுவே.

கறுப்பின மக்களை ஆளாக மதியாது, கும்பலாகவே நோக்கிய ஒரு சமுதாயத்தில் இது நிகழ்ந்ததென்பதை மறத்தலாகாது. தென்மாநிலங்களில் உணவகமும் விடுதியும் அவர்களுக்குக் கதவடைத்தன. ஆதலின், 1930களில் எலிங்டன் தனிப் புகைவண்டிப் பெட்டிகளை அமர்த்தி, அவற்றிலேயே தம் குழுவினர் உண்ணவும் உறங்கவும் வகைசெய்தார். 1943இல் நியூ யோர்க்கின் கார்னகி மண்டபத்தில், தம் மக்களின் வரலாற்றையே நெடியதோர் இசைக்கோவையாக அரங்கேற்றினார்.

இப்பெருமையினூடே ஒரு நிழலும் உண்டு. குழுவினர் கண்ட மெட்டுக்கள் சில எலிங்டனின் பெயராலேயே அறியப்பட்டன. 1939இல் வந்து சேர்ந்த பில்லி ஸ்ட்ரேஹோன், 1967இல் மறையும்வரை அவருக்கு வலக்கரமாய் விளங்கினார். 1941இல் உரிமைத்தொகைத் தகராற்றால் எலிங்டனின் பாடல்களை வானொலியில் இசைக்க இயலாதிருந்தபோது, குழுவின் அடையாள இசையாகியது ஸ்ட்ரேஹோன் இயற்றிய 'டேக் தி ஏ டிரெயின்' ஆகும். எனினும் அவர் உழைப்பிற்குரிய புகழ் அவரை முழுமையாய்ச் சென்றடைய நெடுங்காலமாயிற்று.

போருக்குப் பின் சுவிங் மோகம் தணிந்தது. பெருங்குழுக்கள் பல கலைந்தன. எலிங்டனோ, தம் பாடல்களால் வந்த வருவாயைக்கொண்டு குழுவினருக்கு ஊதியம் அளித்துவந்தார். எழுதிய இசையை மறுநாளே அவர்கள் வாயிலாகக் கேட்கவேண்டும் என்பதே அவர் வேட்கை. 1963இல் அக்குழு மேற்காசிய நாடுகளுக்கும் இந்தியாவிற்கும் இலங்கைக்கும் வந்தது. அப்பயணத்தின் அநுபவங்கள் பின்னர் 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்னும் படைப்பாயின.

1965இல் புலிட்சர் பரிசுக்கான இசை நடுவர்கள் அவருக்குச் சிறப்பு விருது பரிந்துரைத்தனர். பரிசுச் சபை மறுத்தது. 1999இல், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோதே அப்பெருமை வழங்கப்பெற்றது. ஆனால் 1969இல், தம் எழுபதாவது பிறந்தநாளன்று, நாட்டின் உயர் விருதைப் பெற எலிங்டன் வெள்ளை மாளிகையினுள் நுழைந்தார். தந்தை பணியாளராய்ச் சென்ற இல்லத்தில் மகன் விருந்தினரானார்.

1974ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் எலிங்டன் மறைந்தார். 1927இல், பதினேழு வயதில், அவர் குழுவிற் சேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் ஹரி கார்ணி அன்றும் அக்குழுவிலேயே இருந்தார். நாற்பத்தேழு ஆண்டுகள் ஒரு கலைஞரை ஒரே தலைவரிடம் நிறுத்திவைத்தது ஊதியம் மட்டுமன்று. தம் குரலைத் தாமே அறியுமுன் அதனைக் கேட்டறிந்த ஒரு செவியுமாகும்.